சங்கடமும் கட்டுமரமும்

ஆங்கிலம் தமிழிலிருந்து பெற்ற சொற்கள் எவையெனக் கேட்டால், மேல்வகுப்பு மாணவர் கறி, சுருட்டு, மிளகுதண்ணி என்னும் மூன்றையும் கூறிவிட்டு, நான்காவதாகக் கட்டுமரம் என்பதனைச் சற்றே உரத்த குரலிற் கூறுவர். உரத்துக் கூறுதற்குக் காரணம் உண்டு. முதன் மூன்றும் உண்பனவும் புகைப்பனவுமாய் நின்றுவிட, நான்காவது உலகக் கடல்கள் எல்லாவற்றிலும் ஓடித் திரிகின்றது. இன்று பாய்விரித்து ஓடும் போட்டிப் படகுகளுள் மிக விரைவானவற்றிற் பல 'கட்டமரான்' என்னும் பெயரையே தாங்கியுள்ளன. ஒலிம்பிக் விளையாட்டிலும், அமெரிக்கக் கிண்ணம் எனப்படும் பழம்பெரும் ஓட்டப் போட்டியிலும் அவை ஓடிப் புகழ் பெற்றன. இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டி, இவ்விரைவுப் படகை உலகுக்கு அளித்தவர் நம் முன்னோரே என்று முடியும் பேச்சுக்களைப் பல மேடைகளிற் கேட்டிருக்கின்றேன். அவ்வாறு முடியும் கட்டுரைகள் பலவற்றைத் திருத்தியும் இருக்கின்றேன்.

சொல் நம்முடையது என்பதில் ஐயமில்லை. ஆயின், அச்சொல்லை இன்று தாங்கி ஓடும் படகு கட்டுமரம் அன்று. அத்தகைய அமைப்புக்குத் தமிழில் வேறொரு பெயர் இருந்தது. அப்பெயர் சங்கடம் என்பதாகும். இவ்விரண்டையும் பிரித்து அறிந்தாலன்றி அப்படகின் விரைவும் விளங்காது, அதனைச் செலுத்துவோர் படும் பாடும் விளங்காது.

கட்டுமரம் என்பது பெயருக்கேற்பக் கட்டப்பட்ட மரமே. மலைவேம்பு போன்ற இலேசான மரங்களின் தண்டுகள் சிலவற்றை நிரையாக அடுக்கி, கயிற்றால் இறுகப் பிணைத்து, முன்புறத்தைச் சற்றே மேல்நோக்கிச் செதுக்கி விட்டால் அது கட்டுமரம். அதிலே பள்ளம் இல்லை; ஆதலின் நீர் இறைக்கும் வேலையும் இல்லை. அலை மேலே ஏறினால் மரங்களின் இடைவெளி வழியே கீழே வடிந்துவிடும். துறைமுகம் இல்லாத, அலை உடைந்து விழும் மணற்கரைகளுக்கு இதனினும் ஏற்ற கலம் வேறில்லை எனலாம். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே தூக்கிச் சென்று வெயிலில் உலர்த்துவர். நீரை உறிஞ்சிய மரம் பாரமாகும். பாரமான மரம் தாழும். கட்டுமரத்தின் மிதப்பு முழுவதும் அம்மரத்தின் இலேசிலேயே உள்ளது.

வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி, 1697இல் வெளிவந்த தமது உலகப் பயண நூலில், சோழமண்டலக் கரையில் வழங்கிய இம்மிதவைகளை இப்பெயராலேயே குறித்தார். அதன்பின் ஆங்கிலேயர் எந்த மிதவையைக் கண்டாலும், இரண்டு படகுகளை ஒன்றாய்ப் பிணைத்த கலத்தைக் கண்டாலும், அதே பெயரைச் சூட்டலாயினர். ஆங்கிலத்தில் ஒருகாலத்தில் அச்சொல்லுக்குச் சண்டைக்காரி என்னும் பொருளும் இருந்தது. அப்பொருள் எவ்வாறு ஏறிற்று என்பதை ஆராய்தல் இம்மலருக்கு ஏற்றதன்று.

இனிச் சங்கடத்தைக் காண்போம். இரண்டு தோணிகளைச் சிறிது இடைவெளி விட்டு நிறுத்தி, மேலே பலகைத் தளம் பரப்பி, ஆறும் கழியும் கடப்பதற்குப் பயன்படுத்திய கலமே சங்கடம். மலையாளத்தார் அதனைச் சங்ஙாடம் என்பர். வருத்தம் என்னும் பொருளில் நாம் இன்று வழங்கும் சங்கடம் வேறு. அது இடுக்கண், நெருக்கடி என்ற பொருளுடைய வடசொல்லின் வழி வந்தது. படகைக் குறிக்கும் சங்கடமோ, சேர்க்கை என்னும் பொருளுடைய மற்றொரு வடசொல்லோடு தொடர்புடையதென அறிஞர் கருதுவர். கிறித்துவுக்குப் பிந்திய முதல் நூற்றாண்டைச் சேர்ந்த செங்கடற் செலவு நூலை எழுதிய கிரேக்க வணிகன், தமிழ்நாட்டுத் துறைகளில் மரங்களைப் பிணைத்துச் செய்த பெருங்கலங்களைச் சங்கரா எனக் குறித்துள்ளான். அதுவும் இச்சொல்லே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு.

பின்னாளிற் போர்த்துக்கீசர் இச்சொல்லைச் சங்கடா என்றாற்போல ஒலித்து மேல்நாட்டுக்குக் கொண்டு சென்றனர். இன்று பிரேசில் நாட்டுக் கரையில் மீனவர் பாய்கட்டி ஓட்டும் மரமிதவைக்கு அதுவே பெயர். அம்மிதவையோ இரட்டைத்தோணி அன்று. நம் கட்டுமரத்தின் இனத்தைச் சேர்ந்தது. இதிலுள்ள வேடிக்கையை நோக்குக. இரட்டைத்தோணியின் பெயர் பிரேசிலுக்குப் போய்க் கட்டுமரத்தைக் குறிக்கலாயிற்று. கட்டுமரத்தின் பெயர் இங்கிலாந்துக்குப் போய் இரட்டைத்தோணியைக் குறிக்கலாயிற்று. இரண்டு சொற்களும் கப்பலேறும்போது தம்முள் இடம் மாறிக்கொண்டன போலும்.

நம் வாவிக்கரை மக்களுக்குச் சங்கடம் என்னும் பெயர் புதிதாகத் தோன்றலாம். அந்த அமைப்புப் புதிதன்று. எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குச் செல்வோர் ஏறிய 'பாதை' என்னும் கலத்தை அறியாதார் இங்கு யார்? மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை, மனிதரும் மாடும் துவிச்சக்கரவண்டியும் நெல்மூடையும் அதிலேயே கடந்தன. அகன்ற தளத்தின் ஓர் ஓரத்திலே ஆட்கள் கூடிநின்றாலும் அது எளிதிற் சரிவதில்லை. கீழே உள்ள மிதப்பு இருபுறமும் அகன்று நிற்பதே அதற்குக் காரணம். போட்டிக் கட்டமரானின் முதல் இரகசியமும் இதுவே.

ஆனால் பாதைக்கு விரைவு வேண்டியதில்லை, பாயும் இல்லை. இரட்டைத்தோணிக்குப் பாய்கட்டிப் பெருங்கடலைக் கடந்த பெருமை பசிபிக் தீவினர்க்கே உரியது. தொங்கா, தாகித்தி, ஹவாய் முதலிய தீவுகளின் மக்கள், இரும்பு ஆணியொன்றும் இன்றித் தென்னங்கயிற்றாற் பிணைத்த இரட்டைத்தோணிகளில் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் சென்று குடியேறினர். இது கட்டுக்கதை அன்று என்பதைக் காட்டுவதற்காக, ஹவாய் மக்கள் பழைய முறையை ஒட்டி ஹொக்குலெயா என்னும் இரட்டைத்தோணியைக் கட்டி, 1976ஆம் ஆண்டு திசைகாட்டும் கருவி எதுவுமின்றி, விண்மீனையும் அலையையும் நோக்கியே தாகித்தி வரை செலுத்தினர்.

ஐரோப்பியருள் இவ்வழியில் முதலில் முயன்றவர்களுள் ஒருவர் சேர் வில்லியம் பெற்றி. அவர் 1662இல் டப்ளின் நகரில் இரட்டைத்தோணிக் கப்பலொன்றைக் கட்டினார். அது ஓட்டத்திற் பிற படகுகளை வென்றது. பின்னர் அவர் கட்டிய பெரிய கப்பல் புயலில் ஆட்களோடு அழிந்தமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது. இருநூறாண்டுகளுக்குப் பின், 1876இல், நத்தானியேல் ஹெரசொவ் என்னும் அமெரிக்கர் 'அமரில்லிசு' என்னும் இரட்டைத்தோணியை நியூயோர்க் நகரின் போட்டியில் இறக்கி, அங்கிருந்த படகுகளையெல்லாம் பின்தள்ளினார். தோற்றவர் முறையிட்டனர். அதன் பயனாக அவ்வகைப் படகுகள் பொதுப்போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன. வெல்ல முடியாததை விலக்கிவிடுதல் எல்லா நாட்டிலும் உள்ள வழக்கமே. இத்தடை இரட்டைத்தோணியின் வளர்ச்சியை நெடுங்காலம் பின்னிடச் செய்தது. 1947இல் வுடி பிரவுண் என்பவர் பசிபிக் தீவினரின் முறையைப் பின்பற்றி ஹவாயில் ஒரு கட்டமரானைக் கட்டிய பின்னரே மறுமலர்ச்சி தோன்றிற்று. 1960களின் இறுதியில், அலைச்சறுக்குப் பலகை செய்து விற்ற கலிபோர்னிய நாட்டு ஹோபி ஆல்ற்றர், மணற்கரையிலிருந்து நேரே அலையிற் செலுத்தத்தக்க சிறு கட்டமரான்களை ஆக்கினார். ஏறத்தாழ அதேகாலத்தில் இங்கிலாந்தில் உருவான 'டொர்னாடோ' 1976 முதல் 2008 வரை ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்றது.

இனி, இப்படகு ஏன் விரைந்து செல்கின்றது?

நீரிற் செல்லும் எந்தக் கலமும் முன்னே ஓர் அலையையும் பின்னே ஓர் அலையையும் எழுப்புகின்றது. வேகம் கூடுந்தோறும் இவ்வலைகள் பெருத்து, அகன்ற படகு தான் எழுப்பிய இரண்டு மேடுகளுக்கிடையே உள்ள பள்ளத்தில் அகப்பட்டுக்கொள்கின்றது. அதற்கு மேலும் விரைய வேண்டுமாயின் தன் அலையின் மேல் தானே ஏற வேண்டும். அதற்குப் பெருவலு தேவை. ஒடுங்கிய படகோ நீரைச் சிறிதே விலக்குகின்றது. அது எழுப்பும் அலையும் சிறிது. ஆதலின் அப்பள்ளம் அதனைப் பிடித்து வைப்பதில்லை. சாதாரண பாய்ப்படகின் நீளம் அதன் அகலத்தைப் போல மூன்று நான்கு மடங்கு இருக்கும். போட்டிக் கட்டமரானின் ஒவ்வொரு தோணியும் தன் அகலத்தைப் போலப் பத்து மடங்கும் அதற்கு மேலும் நீண்டது.

ஒடுங்கிய தோணி விரையும், ஆனால் நில்லாது. நம் வாவியிற் சிறு தோணியின்மேல் எழுந்து நின்று வலைவீசும் மீனவர் இதனை நம்மினும் நன்கறிவர். அத்தோணியிற் பெரியதொரு பாயைக் கட்டினால் முதற்காற்றிலேயே கவிழும். ஒற்றைத்தோணிக் கப்பல்கள் அடியிலே ஈயத்தையோ இரும்பையோ சுமந்து இக்குறையைத் தீர்த்துக்கொள்கின்றன. அச்சுமையே பின்னர் வேகத்துக்குத் தடையாகின்றது. இரட்டைத்தோணிக்கு இச்சுமை வேண்டுவதில்லை. காற்று ஒருபுறம் சாய்க்க முயலும்போது, மறுபுறத்துத் தோணியின் பாரமே அதனை நிமிர்த்துகின்றது.

ஓர் எடுத்துக்காட்டாற் கணக்கிட்டுப் பார்ப்போம். உலகில் மிகப் பரவிய ஹோபி 16 என்னும் படகின் நீளம் 5.05 மீற்றர், அகலம் 2.41 மீற்றர், பாரம் ஏறத்தாழ 145 கிலோகிராம், பாயின் பரப்பு 20 சதுரமீற்றருக்குச் சற்று மேல். காற்றுக்கு எதிர்ப்புறத்துத் தோணியைச் சுழலிடமாகக் கொண்டால், படகின் பாரம் அதிலிருந்து 1.2 மீற்றர் தூரத்தில் நின்று நிமிர்த்துகின்றது. ஆகவே அதன் நிமிர்த்தும் வலு ஏறத்தாழ 174 கிலோகிராம்-மீற்றர். செலுத்துவோர் இருவர், ஆளுக்கு 70 கிலோகிராம். இவர்கள் பாய்மரத்திலிருந்து வரும் கம்பியை இடுப்பிற் கொளுவிக்கொண்டு, காற்று வரும் பக்கத்துத் தோணியின் விளிம்பிலே காலை ஊன்றி, உடல் முழுவதையும் நீரின்மேல் வெளியே சாய்த்து நிற்பர். அப்போது அவர்களின் பாரம் சுழலிடத்திலிருந்து ஏறத்தாழ 3 மீற்றர் தூரத்தில் இருக்கும். 140ஐ மூன்றாற் பெருக்கினால் 420. படகு தன்னை நிமிர்த்துவதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலாக மனிதர் அதனை நிமிர்த்துகின்றனர்! ஆதலால், இப்படகிற் செல்வோர் பிரயாணிகள் அல்லர்; படகின் உறுப்புக்களே. ஒருவர் கால் வழுக்கினால் நிமிர்த்தும் வலுவில் மூன்றிலொரு பங்கு அக்கணமே அற்றுப்போகும்.

இம்முறை நம் நாட்டுக்கும் பழையதே. நீர்கொழும்பு முதலிய மேற்குக் கரையிடங்களிற் சிங்கள மீனவர் வழங்கும் ஓருவ என்னும் வள்ளம், மிக ஒடுங்கிய உடலையும், பக்கத்தே இரண்டு வளைந்த கழிகளாற் பிணைத்து எட்டத்தில் மிதக்கவிட்ட ஒரு மரத்தையும் உடையது. காற்று மிகுந்தால், வள்ளத்தில் உள்ளோர் அக்கழிகளின் மேல் வெளியே சென்று நின்று சாயாது காப்பர். ஒருவர் சென்றால் போதுமாயின் ஓர் ஆட்காற்று, இருவர் செல்ல வேண்டுமாயின் ஈராட்காற்று எனக் காற்றின் கடுமையையே ஆட்கணக்கால் அளந்தனர் என்று, சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இங்கு வந்த வெள்ளையர் வியந்து எழுதியுள்ளனர். காற்றை அளக்கும் கருவிகளுள் இதனினும் நேர்மையானது ஒன்றை யான் கேள்விப்பட்டதில்லை.

சங்கடத்தின் சங்கடங்கள் இங்கேதான் தொடங்குகின்றன. அடியிற் சுமையுள்ள கப்பல் சாயச்சாய அதனை நிமிர்த்தும் வலு நெடுந்தூரம் வரை கூடிக்கொண்டே போகும். கட்டமரானிலோ, ஒரு தோணி நீரைவிட்டு எழும் அந்தக் கணத்திலேயே நிமிர்த்தும் வலு உச்சத்தை அடைந்துவிடுகின்றது. அதற்குமேற் சாயுந்தோறும் அவ்வலு குறையும். மிக விரைந்து செல்வதும் ஒரு தோணி நீரைத் தொட்டுந் தொடாமலும் எழுந்திருக்கும் அந்நிலையிலேயே. கவிழ்வதற்கு மிக அண்மையில் உள்ளதும் அந்நிலையே. தேர்ந்த மாலுமி பாய்க்கயிற்றைக் கையிலே பிடித்தபடி, இழுத்தும் தளர்த்தும் அந்த எல்லைக்கோட்டிலேயே படகை நிறுத்தி வைப்பார். காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. மணிக்கு 20 கிலோமீற்றரில் வீசிய காற்று 28 ஆனால் விசை இருமடங்காகும். கயிற்றைத் தளர்த்துதற்குக் கிடைக்கும் நேரம் ஒரு மூச்சு விடும் நேரமே.

முற்றாகக் கவிழ்ந்தால், நேரே நின்றபோது எவ்வளவு உறுதியாய் நின்றதோ அவ்வளவு உறுதியாய்த் தலைகீழாகவும் நிற்கும். இதுவே இப்படகின் பெருங்குறை. சிறு படகாயின், பக்கவாட்டிற் கிடக்கும்போதே அதன் அடியில் ஏறிநின்று, கயிற்றைப் பிடித்துப் பின்னே சாய்ந்து, பாயின் கீழே காற்றுப் புகுமாறு செய்து நிமிர்த்தலாம். பெரும் படகை அவ்வாறு நிமிர்த்த இயலாது.

பாய்விடுதலின் மற்றொரு நுட்பம் துவிச்சக்கரவண்டியாற் கல்லடிப் பாலத்தைக் கடக்கும் மாணவருக்கு எளிதில் விளங்கும். காற்றுப் பக்கத்திலிருந்து வீசினும், விரைந்து மிதிப்பவனுக்கு அது முன்னிருந்து வருவதுபோலவே தோன்றும். படகிலும் அப்படியே. மணிக்கு 20 கிலோமீற்றரில் வீசும் காற்றுக்குக் குறுக்கே படகும் 20 கிலோமீற்றரிற் சென்றால், படகிலுள்ளோர் உணரும் காற்று 28 கிலோமீற்றர். அது முன்புறமாக 45 பாகை சரிந்து வருவதாகத் தோன்றும். படகு 40 கிலோமீற்றரிற் சென்றால், உணரும் காற்று 45 கிலோமீற்றர் அளவாகி, முன்புறத்துக்கு இன்னும் நெருங்கி வரும். படகு தன் ஓட்டத்தாலேயே தனக்குக் காற்றை உண்டாக்கிக்கொள்கின்றது எனலாம். இதனாலேயே இப்படகுகள் வீசும் காற்றினும் விரைந்து ஓடுகின்றன. கேட்போர்க்கு இது பொய்போலத் தோன்றும். மேற்கூறிய கணக்கைத் தாளில் வரைந்து பார்த்தோர்க்குத் தோன்றாது. மாலுமிக்கு இதனால் வரும் தொல்லையாதெனில், வேகம் மாறுந்தோறும் உணரும் காற்றின் திசையும் மாறுகின்றது. மரக்கிளையின் அசைவையும் நீரின் சுருக்கத்தையும் மட்டும் பார்த்துப் பாயை வைப்பவர் ஏமாறுவார்.

திருப்புதலும் எளிதன்று. காற்றை எதிர்த்துச் செல்லும் பாய்ப்படகு வளைந்து வளைந்தே செல்ல வேண்டும்; ஒவ்வொரு வளைவிலும் அணியம் காற்றுக்கு நேரே ஒருகணம் நிற்கும். பாரமான படகு தான் கொண்ட உந்தத்தால் அக்கணத்தைக் கடந்துவிடும். கட்டமரானுக்குப் பாரம் குறைவு. நீண்டொடுங்கிய இரு தோணிகளும் நேரே செல்லவே விரும்புவன. ஆதலின் அது காற்றை நோக்கியபடி நின்று, பின்னோக்கி நகரத் தொடங்கும். அப்போது முன்பாயைப் பின்புறமாகப் பிடித்தும், சுக்கானை எதிர்ப்புறம் திருப்பியும் ஒருவாறு மீள வேண்டும். போட்டியில் இவ்வாறு ஒருமுறை நின்றவர் முன்னே செல்வோரை மீண்டும் பிடித்தல் அரிது.

ஓருவ வள்ளத்தினர் இச்சிக்கலை வேறு வழியால் தீர்த்தனர். அவர்கள் காற்றை நோக்கித் திரும்புவதே இல்லை. வள்ளத்தின் இரு முனைகளும் ஒரே வடிவின; பாயையும் செலுத்தும் பலகையையும் மறுமுனைக்கு மாற்றிவிட்டால் பின்புறம் முன்புறமாகிவிடும்; மிதக்கும் மரமும் எப்போதும் காற்று வரும் பக்கத்திலேயே நிற்கும். இலங்கைக் கப்பல்களுக்கு இருமுனையிலும் அணியம் உண்டென்றும், ஒடுங்கிய நீர்வழிகளில் திரும்பவேண்டாமைப் பொருட்டே அவ்வாறு அமைத்தனர் என்றும், கி. பி. 79இல் இறந்த உரோம நாட்டுப் பிளினி எழுதியிருப்பது இங்கு நினைக்கத்தக்கது.

பக்கவாட்டிற் கவிழ்வதினும் கொடியது முன்புறமாகக் கவிழ்வது. பின்காற்றில் விரைந்து செல்லும்போது, காற்றுக்கு எதிர்ப்புறத் தோணியின் அணியம் அலையிற் புதையுமாயின் படகு திடீரென நின்றுவிடும்; பாயோ நில்லாது முன்னே தள்ளும். படகு குட்டிக்கரணம் போடும். கம்பியில் தொங்குவோர் கவணிலிருந்து விடுபட்ட கல்லைப்போல முன்னே எறியப்படுவர். இதனைத் தவிர்க்கும் வழி, வேகம் கூடுமுன்பே இருவரும் பின்கோடிக்கு நகர்ந்துவிடுவதாகும்.

அண்மைக்காலத்தில் இப்படகுகள் நீரைவிட்டே எழுந்துவிட்டன. தோணிகளின் கீழே சிறகு போன்ற தகடுகளைப் பொருத்தினால், வேகம் கூடியபோது அவை விமானத்தின் சிறகுபோலவே தூக்க, தோணிகள் இரண்டும் நீருக்குமேல் எழுகின்றன. 2013ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற அமெரிக்கக் கிண்ணப் போட்டியில் ஏறத்தாழ 22 மீற்றர் நீளமுள்ள கட்டமரான்கள் மணிக்கு 80 கிலோமீற்றர் அளவில் இவ்வாறு பறந்தன. நியூசிலாந்துக் குழு எட்டுப் புள்ளியும் அமெரிக்கக் குழு ஒரு புள்ளியுமாய் நின்ற நிலையில், அமெரிக்கக் குழு அடுத்தடுத்து எட்டு ஓட்டங்களை வென்று கிண்ணத்தைக் காத்துக்கொண்டது. அப்போட்டிக்கான பயிற்சியின்போது, அவ்வாண்டு மே மாதம் 9ஆம் நாள், சுவீடன் குழுவின் படகு கவிழ்ந்து உடைந்தது. 2008இல் ஒலிம்பிக் பொற்பதக்கம் பெற்ற ஆங்கிலேய மாலுமி அன்ட்ரூ சிம்சன் அதனடியில் அகப்பட்டு உயிரிழந்தார். அவர் கற்றுக்குட்டி அல்லர். படகின் வேகம் மனிதனின் விரைவை மிஞ்சிவிட்டது. அதன்பின் அத்துறையில் பாதுகாப்பு விதிகள் பெரிதும் இறுக்கப்பட்டன. தலைக்கவசமும் சிறு மூச்சுக்காற்றுக் குப்பியும் மாலுமியின் உடையிற் சேர்ந்தன.

2019இல் தொடங்கிய சேயில் ஜீ. பி. போட்டியின் கட்டமரான்கள் மணிக்கு 90 கிலோமீற்றரையும் கடந்து செல்வன. இவ்வளவில் இயற்கையே ஒரு தடையை வைத்துள்ளது. தகட்டின் மேற்புறத்தில் அமுக்கம் மிகக் குறைவதால், நீர் சூடேறாமலே கொதித்து ஆவிக் குமிழிகளாகின்றது. குமிழிகள் தோன்றியதும் தகட்டின் தூக்கும் வலு குன்றுகின்றது. காற்றோடு போராடிய மாலுமி இப்போது நீரின் கொதிப்போடும் போராடுகின்றார்.

நிற்க. நம் வாவியில் இத்தகைய படகொன்றைச் செலுத்த இயலுமா என்று மாணவர் கேட்பதுண்டு. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்நீர்ப்பரப்பிற் பேரலை இல்லை, அது நன்மை. ஆழமும் இல்லை, அது நன்மையும் தீமையும் ஆம். ஹோபி 16 போன்ற படகுக்கு நீருள் ஆழ இறங்கும் நடுப்பலகை கிடையாது. முழங்காலளவு நீரிலும் மிதக்கும். ஆயின் அதன் பாய்மரம் எட்டு மீற்றர் அளவு உயர்ந்தது. வாவியில் நான்கு மீற்றர் ஆழமுள்ள இடமே அரிது. படகு தலைகீழானால் பாய்மர நுனி சேற்றிற் குத்தி நிற்கும். பின்னர் இருவர் சாய்ந்து இழுத்து நிமிர்த்தல் ஆகாது. பாய்மரம் முறிதலும் கூடும். பாய்மரத்தின் உச்சியிற் காற்றடைத்த மிதவையைப் பொருத்தி வைத்தால், படகு பக்கவாட்டிற் கிடக்குமேயன்றி முற்றாகத் தலைகீழாகாது. கரையோர மின்கம்பிகளையும் மறத்தலாகாது. உலோகப் பாய்மரம் கம்பியைத் தொட்டு உயிர்கள் போனமையாலேயே, 1980களில் ஹோபிப் படகுகளின் பாய்மர நுனி மின்கடத்தாக் கண்ணாடியிழையால் ஆக்கப்பட்டது.

காற்றைப் பொறுத்தவரை, வாடைக்காற்றும் மழையும் சேர்ந்து வரும் கார்த்திகை, மார்கழியை விலக்கல் வேண்டும். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து வறண்டு வீசும் கச்சான் வலியது. எனினும் தரைமேலிருந்து வருவதாதலின் சீராக வீசாது, விட்டுவிட்டுப் பாயும். ஒரு தோணி நீரைவிட்டு எழுந்திருக்கும்போது அவ்வாறு ஒரு பாய்ச்சல் வந்தால் என்னாகும் என்பதை மேலே கூறினோம். மீனவரின் வலைகளும், இறால் பிடிப்போர் நட்ட கம்புகளும் உள்ள பகுதிகளுக்குள் விரைவுப் படகு புகுதல் முறையுமன்று. வாவி அவர்களுக்கு விளையாட்டுக்களம் அன்று, வயல்.

இப்படகைத் தமிழில் எப்பெயரால் அழைப்பது என்பதும் ஆசிரியனுக்குரிய கேள்வியே. காரைதீவிற் பிறந்து, அறிவியலும் தமிழும் ஒருங்கு கற்ற விபுலாநந்த அடிகள், 1936இற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அவர் பிறந்த நாட்டினராகிய நாம் பொருளறியாது பெயரிடல் தகாது. கட்டமரான் என்று வேற்றுருவிலேயே வழங்குவதில் எனக்கு மறுப்பில்லை. போன சொல் வேறு பொருளோடு திரும்பி வந்திருக்கின்றது; அதனை அவ்வேறு உருவோடே ஏற்பது குழப்பத்தைத் தவிர்க்கும். தமிழ்ப்பெயரே வேண்டுமாயின் இரட்டைத்தோணி என்க. சங்கடம் என்பதனையும் மீட்டெடுக்கலாம். ஆனால் அப்பெயருள்ள படகில் பிள்ளையை ஏற்றுவதற்குப் பெற்றோர் உடன்படுவரோ என்பது ஐயம்.

என்றாவது நம் கல்லூரிக்கு ஒன்று வாய்க்குமாயின், நீந்தத் தெரியாதவரையும் மிதவைச்சட்டை அணியாதவரையும் அதில் ஏற்றலாகாது. இயந்திரப் படகொன்று அருகே நிற்றல் வேண்டும். முதல் நாளிற் பாய்விரித்து ஓடுதல் வேண்டாம். நெஞ்சளவு நீரிலே படகை வேண்டுமென்றே கவிழ்த்து, ஒருவர் பாய்மர நுனியை உயர்த்த, மற்றையோர் தோணியின் அடியில் ஏறிக் கயிற்றைப் பிடித்துச் சாய்ந்து அதனை நிமிர்த்தட்டும். பத்துமுறை அவ்வாறு செய்து களைத்தபின், மறுநாட் காலையிற் காற்று எழுமுன் பாயைக் கட்டலாம்.